அம்மாவின் பெயரில் ஒரு பச்சைக் கோடு

ஜூன் 13, வெள்ளி

இதை யார் எடுத்திருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்ட வேண்டாம். எனக்கு வெட்கம் என்பதற்காகச் சொல்லவில்லை. காட்டினால் அம்மாவின் வேலை போய்விடும். இதுவரை வாசித்துவிட்டீர்கள் என்றால் பரவாயில்லை, வாசித்தது உங்களோடு இருக்கட்டும்.

அம்மாவின் வலது கை மரத்துப்போகிறது. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும். இன்று காலையில் சாயா டம்ளர் நழுவி விழுந்தது. போன வாரம் புட்டுக்குழல். தரையைத் துடைத்துவிட்டு நான் நிமிர்ந்தபோது அம்மா இடது கையால் வலது கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“டாக்டருக்கிட்ட காட்டலாம்லா?” என்றேன்.

“நாள் முழுக்க டாக்டருமாருக்க நடுவுலதானே நிக்கேன். காட்டுனா என்ன சொல்லுவாங்க? தியேட்டருக்குள்ள வராதம்பாங்க. வாயுதான், வேற ஒண்ணுமில்ல. வெளிய யாருட்டயும் சொல்லாத மக்களே.”

சொல்ல மாட்டேன் என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். எழுதக் கூடாது என்று அம்மா சொல்லவில்லை.

அம்மா பெயர் செலின் பாய். எங்கள் ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று உதவி செய்வது அவள் வேலை. அப்பா மஸ்கட்டில். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். நான் பெனிஷா, பிளஸ் ஒன், பயாலஜி குரூப்.

கை மரத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷன் என்றால் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். அவசரக் கேஸ் அப்படி வராது. சாப்பிட்ட வயிற்றோடு வருவார்கள். ஆள் மயங்கியதும் வயிற்றில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒருவர் நோயாளியின் தொண்டையில், குரல்வளை முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே, மோதிரம் போல இருக்கிற குருத்தெலும்பை மூன்று விரலால் பிடித்துப் பின்பக்கமாக அழுத்த வேண்டும். அப்போது அதன் பின்னால் இருக்கிற உணவுக்குழாய் மூடிக்கொள்ளும். டாக்டர் மூச்சுக்குழாயில் குழாயைச் செலுத்தி, அதன் நுனியில் இருக்கிற சின்ன பலூனை ஊதி, “விடலாம்” என்று சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது.

அந்த மூன்று விரல்கள் எங்கள் அம்மாவுடையவை. மரத்துப்போவதும் அதே மூன்றுதான்.

ஜூன் 14, சனி

விடாமல் மழை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் காயவில்லை, இஸ்திரிப் பெட்டியால் காய வைத்தேன். நெஞ்சுப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்திருக்கிற மயக்க மருந்து டாக்டர் ஹம்சவேணி சேலத்துக்காரர். அவர் ஒரு சென்சார் கருவி வாங்கிவந்திருக்கிறார். தியேட்டரில் உதவிக்கு நிற்கிற ஒவ்வொருவரும் முறைவைத்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக வேண்டுமாம். முதல் முறை அம்மாவுக்கு.

கருவி என்றதும் பெரிதாக நினைத்தேன். ஒரு ரப்பர் கழுத்து, அதன்மேல் ஒட்டிவைக்க ஒரு ரூபாய்க் காசு அளவில் மெல்லிய வில்லை ஒன்று, அதிலிருந்து ஒரு ஒயர், ஒரு குட்டிப் பெட்டி, அவ்வளவுதான். அழுத்தினால் போனில் ஒரு கோடு ஓடும். நடுவில் பச்சைப் பட்டை. ஏறக்குறைய மூன்று கிலோ எடை வைத்த மாதிரி அழுத்தினால் கோடு பச்சைக்குள் இருக்கும். குறைந்தால் கீழே போய் மஞ்சள். கூடினால் மேலே சிவப்பு. கூடினாலும் தப்புதானாம், மூச்சுக்குழாயே நசுங்கி டாக்டருக்கு வழி தெரியாது. ஒவ்வொரு கோடும் அவரவர் பெயரில் பதிவாகும், டாக்டர் தன் போனில் பார்ப்பார்.

அம்மா சாப்பாட்டு மேசைமேல் ரப்பர் கழுத்தை வைத்து அழுத்தினாள். கோடு முதலில் சரியாகப் பச்சைக்கு வந்தது. பிறகு மெதுவாகச் சரிந்தது, சைக்கிளை மிதிக்காமல் இறக்கத்தில் விட்டால் போகுமே, அப்படி. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் சரிந்தது. அழுத்துகிறோம் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போனைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது.

“இந்த மெஷினு செரியில்ல” என்றாள்.

நான் சாளை மீன் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் அம்மா மறுபடியும் உட்கார்ந்தாள். சரிந்த கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்க முடியும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

“நீ ஒருக்கா அழுத்து மக்களே. மெஷினுக்க கொழப்பமா, எனக்க கொழப்பமான்னு பாப்பம்.”

இடம் காட்டித் தந்தாள். பிடித்தேன். கோடு பச்சைக்குள் போய், வாய்க்கால் தண்ணீர் மாதிரி நேராக ஓடியது. அம்மா விடச் சொல்லவே இல்லை. விட்டபிறகு போனைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழிக்கவில்லை.

“அம்மா, அது ஒனக்க பேருல கெடக்கு.”

“கெடக்கட்டும். ஒண்ணுதானே.”

சாயங்காலம் கருவியை வாங்கிப்போக ஜஸ்டஸ் அண்ணன் வந்தார். அவரும் தியேட்டரில் வேலை பார்ப்பவர்தான். மழைக்கோட்டோடு வாசலில் நின்றே பேசினார்.

“செலின் அக்கா, பாஸா பெயிலா?”

“நீ போய் ஒனக்கதப் பாருடே.”

“எனக்க கையப் பாத்தியளா, தேங்காமட்டை பொதிச்சு உரிக்கிற கை. இந்தப் பொட்டு மெஷினப் பாத்து நான் பயப்படணுமா?” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அம்மா சிரித்தாள். தன் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

ஜூன் 16, திங்கள்

கோடு ரொம்ப அழகாக இருக்கிறது என்று டாக்டர் அம்மாவைப் பாராட்டினாராம். அம்மா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

மத்தியானம் முதல் வயிற்று வலி. பள்ளிக்கூட வாசலில் தின்ற பருப்பு வடைதான் காரணம். ஆறிப்போன வடை. கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் எழுதவில்லை, நாளைக்குத் திட்டு உண்டு.

ஜூன் 21, சனி

கருவி மறுபடியும் வீட்டுக்கு வந்திருக்கிறது. இந்த முறை அம்மா ரப்பர் கழுத்தைத் தொடவே இல்லை. மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். நான் அழுத்தினேன். எத்தனை கோடு என்று அம்மா கேட்கவில்லை, போதும் என்றபோது நானே நிறுத்தினேன்.

நான் படிக்கிற பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்தால் பேப்பரைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதற்கே எனக்குக் கை நடுங்கும். இதில் கை நடுங்கவில்லை, கோடு அவ்வளவு நேராக வந்தது. அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

அம்மா இன்று வரும்போது ரொட்டிக்கடையிலிருந்து பப்ஸ் வாங்கிவந்தாள். விஷயம் கேட்டேன்.

“இனிம அவசரக் கேஸ் எது வந்தாலும் கழுத்துப் பிடிக்க நான்தான் நிக்கணுமாம். மேடம் சொல்லியாச்சு. எல்லாரையும் விட எனக்க கோடுதான் நேரா இருக்காம்.”

“நீ என்ன சொன்ன?”

“என்ன சொல்லணும்? செரி மேடம்ன்னேன்.”

பப்ஸ் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை அம்மா பார்க்காமல் பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன்.

ஜூன் 26, வியாழன்

அம்மா இரவுப் பணி முடித்துக் காலையில் வந்தாள். குளித்தாள். சாயா கூடக் குடிக்காமல் படுத்துவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் அதே பக்கமாகப் படுத்திருந்தாள். பிறகு ஜஸ்டஸ் அண்ணன் போன் செய்தார். அம்மா பேசியதிலிருந்தும், அதன்பிறகு என்னிடம் சொன்னதிலிருந்தும் எழுதுகிறேன்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டு வந்திருக்கிறார். பெயர் சுயம்புலிங்கம். உள்ளே ரத்தம் கசிகிறது, உடனே ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தார்கள். கருவி அன்றைக்கு வேறொருவர் வீட்டுக்குப் பழகப் போயிருந்தது, அம்மா வெறுங்கையால்தான் கழுத்தைப் பிடித்தாள். டாக்டர் குழாயைப் போடுவதற்குள் வாய் நிறையச் சாப்பாடு ஏறி வந்துவிட்டது. தலைப்பக்கத்தைத் தாழ்த்தி, உறிஞ்சி எடுத்து, குழாயும் போட்டுவிட்டார்கள். ஆபரேஷனும் முடிந்தது. ஆனால் கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டது. ஐ.சி.யூ.வில் மெஷினில்தான் மூச்சு விடுகிறார்.

“மேடம் ஏசுனாங்களா?”

“ஏசல்ல.” அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். “ஏசியிருந்தா பரவாயில்ல. ‘அக்கா, உங்க கை இவ்ளோ கரெக்ட்டா இருக்கும்போது இது அழுத்தத்தால வந்திருக்காது. அழுத்தியும் சில பேருக்கு வரும். இல்லன்னா நான்தான் மருந்துக்கும் குழாய்க்கும் நடுவுல லேட் பண்ணிட்டேனோ என்னமோ’ன்னு சொல்லி, அவங்க உக்காந்து யோசிச்சிட்டு இருக்காங்க.”

“கை மரத்துச்சா அம்மா?”

அம்மா எழுந்துபோய்க் கொடியில் கிடந்த ஈரத்துணியை எடுத்து மறுபடி கொடியிலேயே போட்டாள்.

ஜூன் 27, வெள்ளி

சுயம்புலிங்கம் என்பவருக்குக் காய்ச்சல் என்று அம்மா சொன்னாள். வேறு எதுவும் நடக்கவில்லை. வயிற்றில் லேசாக வலி, வாயுவாக இருக்கும்.

ஜூன் 29, ஞாயிறு

நேற்று நடந்ததை நேற்றே எழுத முடியவில்லை.

சுயம்புலிங்கத்துக்கு மெஷினை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறார் என்று செய்தி வந்ததும் அம்மா அந்த இரவுக்குப் பிறகு முதல்முறையாகச் சாப்பிட உட்கார்ந்தாள். பிறகு அவர் மனைவிக்குக் கஞ்சியும் பயறும் செய்து என்னிடம் கொடுத்தனுப்பினாள். அம்மா தானே போயிருக்கலாம். போகவில்லை.

ஐ.சி.யூ. வாசலில் அந்த அக்கா பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூக்குப்பாத்திரத்தை நீட்டினேன். “யாரு குடுத்து விட்டா?” என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். “நல்லா இருக்கட்டும்” என்றார். கஞ்சியைத் தன் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு தூக்கைத் திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும்போது டாக்டர் ஹம்சவேணி எதிரில் வந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. சனிக்கிழமை வகுப்புக்குப் போட்டிருந்த யூனிஃபார்மில் இருக்கிற மஞ்சள் வட்டத்தைக் கவனித்துவிட்டு, “அயர்ன் பாக்ஸா? நானும் இப்படித்தான் தீச்சுக்குவேன்” என்று சிரித்தார். செலின் அக்கா பொண்ணு என்றதும் நிற்க வைத்துப் பேசினார். ஏதாவது கேட்க வேண்டும் போல இருந்தது. அந்தச் சென்சாரில் யாருக்காவது கோடு சரிந்தால் மார்க் குறைப்பீர்களா என்று கேட்டேன்.

“மார்க்கா? அது பரீட்சை இல்லம்மா. இத்தனை வருஷமா நாங்க எல்லாரும் குருட்டாம்போக்குலதான் அழுத்திட்டு இருந்தோம். எவ்ளோ அழுத்தறோம்னு அழுத்தற கைக்கே தெரியாது. இந்தக் கருவி கைக்கு ஒரு கண்ணு வெச்ச மாதிரி, அவ்ளோதான். கோடு சரிஞ்சா தப்பே இல்ல. எல்லாருக்கும் சரியும். ஜஸ்டஸ் அண்ணனுக்கு எப்படிச் சரிஞ்சுச்சு தெரியுமா? அவரே கொண்டாந்து காட்டினாரு. மேசையத் தாழ்த்தி, முழங்கைய மடக்காம நின்னு அழுத்தச் சொன்னேன், இப்ப நிக்குது. அப்படியும் சரிஞ்சா பாதியில இன்னொருத்தர் கை மாத்திக்கலாம். சரியறது தெரியாம இருந்தாத்தான் ஆபத்து.”

பிறகு, “உங்க அம்மாக்கு மட்டும் முதல் நாள்ல இருந்தே நேரா வருது. அதுதான் எனக்கு ஆச்சரியம்” என்றார்.

என் முகத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. தூக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஓடியதில் வயிற்றின் வலது பக்கம் குத்திப் பிடித்தது. ஓடினால் எல்லாருக்கும் பிடிக்கும்.

இன்று சர்ச் முடிந்து வரும் வழியில் டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். கோடு சரிந்தாலும் ஒன்றும் செய்ய மாட்டார்களாம், மேசையைத் தாழ்த்துவார்களாம், ஜஸ்டஸ் அண்ணனுக்கே சரிந்ததாம்.

அம்மா குடையை மாற்றிப் பிடித்தாள். “ஜஸ்டசுக்கு மேசையத் தாத்துனா போதும். எனக்கு எதத் தாத்துவாங்க?”

“கைக்கு வைத்தியம் இருக்கும்லா.”

“இருக்கும். அதுவரைக்கும்? கை மரத்த ஆளத் தியேட்டருல எவன் வைப்பான்? அப்பாவுக்கு அங்க இப்பம் சம்பளம் ஒழுங்கா வரல்லன்னு ஒனக்குத் தெரியும். நீ படிக்கிற வழியப் பாரு.”

“அந்த ஆளு செத்திருந்தா?”

இதை ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அம்மா நின்றுவிட்டாள். மழையில் குடைக்கு வெளியே நானும் நின்றேன். அம்மா என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள்.  

ஜூன் 30, திங்கள்

அசெம்பிளியில் நிற்க முடியவில்லை. ஷூ நனைந்திருந்ததால் கால் வலி என்று மிஸ்ஸிடம் சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

பயாலஜி வகுப்பில் குடல்வால் இருக்கும் இடத்தைப் படத்தில் காட்டினார்கள். புத்தகத்தை மூடிவைத்தேன்.

எனக்கு ஒன்றும் இல்லை. சும்மா ஒரு யோசனைக்காக எழுதுகிறேன். ஒருவேளை யாருக்காவது அந்தக் குடல்வால் வீங்கியிருந்து, ஆபரேஷன் வேண்டும் என்றால், எங்கள் ஊரில் பக்கத்தில் இருக்கிறது அந்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். அவசரக் கேஸ் என்றால் டாக்டர் ஹம்சவேணி மயக்க மருந்து கொடுப்பார். கழுத்தைப் பிடிக்க, நேரான கோடு யாருக்கு வந்ததோ அவர்தான் நிற்க வேண்டும். அந்தக் கோடு யாருடையது என்று இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மயங்கிக் கிடப்பாள். இன்னொருத்தி கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

வலிக்கிறது என்று சொன்னால் அம்மா என்னை அங்கே கொண்டுபோவாள். அங்கே வேண்டாம் என்றால் ஏன் என்று டாக்டர் கேட்பார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அம்மா என் கழுத்தைப் பிடிப்பாள், விட மாட்டாள், ஆனால் பிடி தளர்ந்தது அவளுக்கே தெரியாது. எனக்கு ஏதாவது ஆனால் அதற்குப் பிறகு அம்மா எப்படி இருப்பாள்?

அதனால் வலிக்கவில்லை.

ஜூலை 2, புதன்

பள்ளிக்கூடம் போகவில்லை. மாதவிலக்கு என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா காலண்டரைப் பார்த்தாள். வெந்நீர்ப் பை கொண்டுவந்து தந்தாள். அதை வயிற்றில் வைக்க முடியவில்லை, காலுக்கடியில் வைத்துக்கொண்டேன்.

குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாந்தி எடுத்தேன். சத்தம் கேட்டிருக்காது.

சுயம்புலிங்கத்தை வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அம்மாவே போய்ப் பார்த்தாளாம். “நல்லாத் தின்னான், குழந்தையத் தூக்கி மடியில வச்சிருந்தான்” என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். உட்கார்ந்தால் வலி கூடுகிறது, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும்.

சாயங்காலம் அம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்துச் சாளைக்கறி வைத்தாள். எனக்குப் பிடிக்கும் என்று. எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

“இன்னா, தின்னு.”

“தின்னுட்டுதானே இருக்கேன்.”

“ஒனக்கு வயறு வலிக்குதா?”

“இல்ல. மாசத்து வலிதான்னு நேத்தே சொன்னேன்லா.”

“அந்த வலி இல்ல. வேற வலி. வலது பக்கம்.”

“இல்லம்மா.”

நம்ப வேண்டுமே என்று ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் தின்றேன். மறுபடியும் கேட்டு வாங்கித் தின்றேன். எழுந்து நேராக நடந்துபோய்க் கை கழுவினேன். நேராக என்றுதான் நினைக்கிறேன். குழாயடியில் திரும்பிப் பார்த்தபோது அம்மா என் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்ததே இல்லை. தியேட்டரில் இப்படித்தான் ஆட்களைப் பார்ப்பாளோ என்னவோ.

தட்டை நான் கழுவுகிறேன் என்றேன். வேண்டாம், போய்ப் படு என்றாள்.

இப்போது யோசித்தால், நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று தெரிகிறது. வயிறு நிறைந்த கேஸ் என்றால்தானே கழுத்தைப் பிடிக்க வேண்டும். நானே என் வயிற்றை நிறைத்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறேன்.

உடம்பு சுடுகிறது. போர்வை போட்டால் வேர்க்கிறது, எடுத்தால் நடுங்குகிறது. இருமினால் உயிர் போகிறது. இதையெல்லாம் இதிலாவது உண்மையாக எழுதியிருக்க வேண்டும். வடை, வாயு, ஷூ என்று எழுதினேன். யாரும் வாசிக்காத இடத்திலும் பயந்திருக்கிறேன். இரண்டு வாரமாக வலிக்கிறது.

காலையில் டாக்டரிடம் போகலாம் என்று இருக்கிறேன். அம்மாவிடம் சொல்லாமல் போய், அந்தக் கோடு என்னுடையது என்று சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும். அம்மா என்னை மன்னிப்பாளா தெரியாது. காலைவரை தாங்கினால் போதும். தாங்கும் என்று நினைக்கிறேன்.

ஹாலில் அம்மா போனில் பேசுகிறாள். அப்பாவிடம் என்று நினைத்தேன். அப்பாவிடம் இவ்வளவு மெதுவாகப் பேச மாட்டாள். “ஆமா மேடம்” என்று ஒருதரம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. “இல்ல மேடம், எனக்கதே இல்ல” என்று கேட்டது. அழுகிற குரல் இல்லை. மளிகைக்கடையில் சாமான் சொல்வது போல நிதானமாகச் சொல்கிறாள்.

பேச்சு நின்றுவிட்டது. செருப்புச் சத்தம். அலமாரி திறக்கிறாள். என் துணிகளைப் பைக்குள் வைக்கிறாளா?

கதவைத் தட்டுகிறாள்.

“மக்களே, தாழ்ப்பாளத் தெற. நீ குனிஞ்சு நடந்தத நான் பாத்தேன்.”

எழுதிக்கொண்டே கேட்கிறேன்.

“மேடத்துக்கிட்ட சொல்லியாச்சு. கோடு எனக்கதில்ல, எனக்க மகளுக்கதுன்னு எல்லாம் சொல்லியாச்சு. அந்த ஆளு காரியமும் சொல்லியாச்சு. நீ என்ன தின்னன்னும் சொல்லியிருக்கேன். ஜஸ்டஸ் பொறப்பட்டு வந்திட்டிருக்கான், அவன்தான் ஒனக்க கழுத்தப் பிடிப்பான். மெஷினுக்க வில்லைய ஒனக்க கழுத்துல ஒட்டி, கோட்டப் பாத்துப் பிடிப்பான். நான் பிடிக்க மாட்டேன் மக்களே. நான் சும்மா பக்கத்துல நிப்பேன். பயப்படாண்டாம். கதவத் தெற.”

மறுபடியும் தட்டுகிறாள். எழுந்திருக்க முடிகிறதா என்று பார்க்கிறேன். இதோ, அம்மா, வரு